சீனாக்காரங்க நெட்ல அரசியல் பேசுவாங்களா மாட்டாங்களா?

தேனி_தினேஷ்:

மக்களே, ரொம்ப நாளா மண்டையக் குடையற ஒரு கேள்வி, தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. 2025 ஜனவரில டிக்டாக்குக்கு அமெரிக்காவுல தடை வருதுன்னு அங்கிருந்து ஒரு கூட்டமே ரெட்நோட்ங்கற சீன ஆப்புக்கு குடி போச்சே, அப்போ நானும் சும்மா இறக்கிப் பார்த்தேன். ட்ரான்ஸ்லேட் பட்டன் வேற வந்துருச்சா, தூக்கத்தை விட்டுட்டு உக்காந்து நோண்டினேன். பூனை, மேக்கப், நூடுல்ஸ், வாடகை வீடு, வேலை போன கதை, மாமியார் பஞ்சாயத்து எல்லாம் இருக்கு, அரசியல் மட்டும் மருந்துக்குக் கூட இல்ல. ஒரு மந்திரி பேரு கூட கண்ணுல படல.

ஆனா நியூஸ்ல பார்த்தா அடிக்கடி 'சீன நெட்டிசன்கள் கொந்தளிப்பு'ன்னு தலைப்பு வருது. கொந்தளிக்கறவங்கல்லாம் எங்க உக்காந்து கொந்தளிக்கறாங்க? 110 கோடி பேரு நெட் யூஸ் பண்ற நாடு. நம்ம ஊர்ல ரோட்டுல குழி இருந்தாலே முதலமைச்சரை டேக் பண்ணித் திட்டறோம், அங்க அந்த மாதிரி பிளாக் எழுதறவன் வீடியோ போடறவன்னு யாராவது இருக்காங்களா, இருந்தா எது பேசலாம் எது பேசக்கூடாதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும், மீறினா என்ன ஆகும்? 'அங்க எல்லாரும் ரோபோ மாதிரி'ங்கற பதில் மட்டும் வேணாம், அதை யூடியூப்ல கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

பழைய_பிளாகர்:

அந்த ஆப்ல அரசியல் தேடினா கிடைக்காது பாஸ், அது ஷாப்பிங் டிப்ஸ்ல ஆரம்பிச்ச இடம். வெய்போ (ட்விட்டர் மாதிரி), வீசாட்ல (வாட்ஸ்அப் மாதிரி) இருக்கற பப்ளிக் அக்கவுண்ட், ஜீஹூ (கேள்வி பதில் தளம்), இப்போ டௌயின் (அங்கத்து டிக்டாக்), இங்கல்லாம் தான் பேச்சு நடக்கும். ஆனா அங்கயும் நீங்க போற நேரத்துக்கு இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, காலைல இருந்தது மத்தியானம் காணாம போயிருக்கும்.

நான் தமிழ்ல பிளாக் எழுதிட்டு இருந்த காலத்துலருந்தே இதை வேடிக்கை பார்த்துட்டு வர்றேன், சீன மொழி தெரியாது, இங்கிலீஷ்ல மாத்திப் போடறவங்க புண்ணியம். அப்பவே அவங்க பிளாக் உலகம் நம்மளை விட பல மடங்கு பெருசு. ஹான் ஹான்னு ஒருத்தர், 1982ல பொறந்தவர், நாவல் எழுதுவார், கார் ரேஸும் ஓட்டுவார். அதிகாரிங்களை நக்கல் அடிச்சு எழுதறதுல மன்னன், சில பதிவை அழிப்பாங்க, மனுஷன் அடுத்ததை எழுதுவார். 2011 டிசம்பர்ல புரட்சி, ஜனநாயகம், சுதந்திரம்னு வரிசையா மூணு கட்டுரை போட்டார், நம்ம நாட்டுக்கு புரட்சி சரிப்படாதுங்கற மாதிரி. அதுவரைக்கும் அவரைத் தலைல தூக்கி வச்சு ஆடினவங்களே சரணடைஞ்சுட்டான்னு திட்டினாங்க. யார் சொன்னது சரிங்கறதை விடுங்க, நாட்டுக்கு புரட்சி வேணுமா வேணாமான்னு பொதுவுல உக்காந்து லட்சக்கணக்கான பேர் சண்டை போட்டிருக்காங்க பாருங்க, இன்னிக்கு அப்படி ஒரு தலைப்பே ஒரு மணி நேரம் தாங்காது.

ட்விட்டர், ஃபேஸ்புக் ரெண்டையும் 2009ல மூடினாங்க, அந்தக் காலி இடத்துல அதே வருஷம் ஆகஸ்ட்ல வெய்போ வந்துச்சு. அடுத்த நாலு வருஷம் தான் பொற்காலம்னு அவங்களே சொல்றது. 2011 ஜூலை 23, வென்ஜோ பக்கத்துல ரெண்டு அதிவேக ரயில் மோதி 40 பேர் செத்தாங்க. ரயிலுக்குள்ள இருந்தவங்களே வெய்போல உதவி கேட்டுப் பதிவு போட்டாங்க, டிவி எல்லாம் பின்னாடி தான் வந்துச்சு. அடுத்த நாளே உடைஞ்ச பெட்டியை குழி தோண்டிப் புதைச்சதை படத்தோட போட்டு கிழிச்சு எடுத்துட்டாங்க. ஏன் புதைச்சீங்கன்னு கேட்டதுக்கு ரயில்வே அமைச்சகத்து செய்தித் தொடர்பாளர் ஏதோ ஒரு காரணம் சொல்லிட்டு 'நீங்க நம்பறீங்களோ இல்லையோ, நான் நம்பறேன்'னாரு. அந்த ஒரு வரியை வச்சு நாடே கலாய்ச்சுது, ஆள் பதவி போச்சு. 2013ல அந்த அமைச்சகத்தையே கலைச்சுட்டாங்க, அதுக்கு ஊழல் அது இதுன்னு வேற காரணமும் உண்டு.

2012ல இன்னொண்ணு. ஷான்சி மாகாணத்துல பஸ் எரிஞ்சு 36 பேர் செத்த இடத்துல ஒரு பாதுகாப்புத் துறை அதிகாரி சிரிச்சுட்டு நிக்கற போட்டோ வெளிய வந்துச்சு. சிரிப்பைத் திட்டிட்டு இருந்த ஜனங்க அப்புறம் கையில கட்டியிருந்த வாட்ச்ச பார்த்தாங்க. பழைய போட்டோ எல்லாம் தோண்டி எடுத்து ஒவ்வொண்ணுலயும் என்ன வாட்ச், என்ன விலைன்னு லிஸ்ட் போட்டாங்க. சம்பளத்துல வாங்கற சரக்கே கிடையாது. 2013ல 14 வருஷம் ஜெயில்.

ஆனா எனக்கு மொத்தக் கதையும் ஒரே ஆள்ல தெரியறது லுவோ சாங்பிங் விஷயத்துல தான். பத்திரிகையாளர். 2012 டிசம்பர்ல சொந்தப் பேர்லயே வெய்போல தேசிய எரிசக்தித் துறைத் தலைவர் லியூ தியேனான் மேல ஊழல் குற்றச்சாட்டை வரிசையா போட்டார். துறைலருந்து எல்லாம் பொய், கேஸ் போடுவோம்னு மறுப்பு. அஞ்சே மாசத்துல லியூ பதவி காலி, 2014ல ஆயுள் தண்டனை. ஒரு தனி ஆள் பதிவு போட்டு அந்த அளவு பெரிய தலையை சாய்ச்சது அங்க அபூர்வம். அதே லுவோ 2021 அக்டோபர்ல கொரியப் போர் பத்தி வந்த ஒரு படத்தை ஒட்டி, அந்தப் போர்ல குளிர்ல உறைஞ்சு செத்த சீன வீரர்களைக் கிண்டல் பண்ற மாதிரி நாலு வரி எழுதினார். தியாகிகளை அவமானப்படுத்தினார்னு பிடிச்சாங்க, 2022 மேல 7 மாசம் தண்டனை. அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கல, அது வேற. ஆனா ஜெயிலா?

நடுவுல என்ன ஆச்சுன்னா 2013. அதிக ஃபாலோயர் வச்சிருக்கற ஆளுங்களை 'பெரிய வி'ன்னு சொல்லுவாங்க, பேருக்குப் பக்கத்துல வெரிஃபைட் வி இருக்கும்ல. 1.2 கோடி ஃபாலோயர் வச்சிருந்த முதலீட்டாளர் சார்ல்ஸ் ஷூவேயை ஆகஸ்ட்ல விபச்சாரக் கேஸ்ல பிடிச்சு, அரசு டிவில கைவிலங்கோட உக்கார வச்சு, ஆமா பொறுப்பில்லாம பதிவு போட்டுட்டேன்னு பேச வச்சாங்க. விபச்சாரக் கேஸுக்கும் வெய்போக்கும் என்ன சம்பந்தம்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அடுத்த மாசமே உச்ச நீதிமன்ற விளக்கம் வருது, அவதூறான பொய்யை 500 பேர் ஷேர் பண்ணாலோ 5000 பேர் பார்த்தாலோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு. கான்சு மாகாணத்துல ஒரு 16 வயசுப் பையனைக் கூட அந்தக் கணக்குல தூக்கினாங்க, ஜனங்க சத்தம் போட்டதும் ஒரு வாரத்துல விட்டாங்க.

அதுக்கப்புறம் பெரிய ஆளுங்க பாதிப் பேர் சமையல் குறிப்புக்கும் ஊர் சுத்தறதுக்கும் மாறிட்டாங்க. பேச்சு வெய்போ மைதானத்தை விட்டு வீசாட் பக்கம் நகர்ந்துச்சு.

நியூட்ரல்_நாகராஜ்:

எல்லாம் சரி, இதுக்கு சோர்ஸ் பூரா மேற்கத்திய மீடியா தானே. இங்க மட்டும் என்ன வாழுதாம், ஒரு மீம் போட்டா கேஸ், ஏதாவது பிரச்சனைன்னா மொத்த மாவட்டத்துக்கும் நெட் கட். அங்க ரோடு போடறான் ரயில் விடறான், ஜனங்க சந்தோஷமா இருக்கான். அரசியல் பேசித்தான் ஆகணும்னு என்ன கட்டாயம்?

திருப்பூர்_நூல்:

ஏனுங்க நாகராஜ், நெட் கட் பண்றது நம்மூர்லயும் உண்டுங்க, அதை ஆரும் இல்லீங்கல. ஆனா அவீங்க சந்தோசமா இருக்காங்க அதனால பேசறதில்லைங்கறது அங்க போயி வந்து பார்த்தவனுக்கு செரியாப் படாதுங்க. நான் மெசினும் ஜிப்பு பட்டன் சரக்கும் வாங்கறதுக்கு குவாங்சோ பக்கம் போயிட்டு வந்துட்டு இருக்கறவனுங்க. பாசை அரைகுறை தான், யாவாரம் பூரா வீசாட்லயே ஓடும், காசு குடுக்கறதும் அதுல தான், பேரம் பேசறதும் அதுல தான், புள்ளைக்கு கல்யாணம்னு பத்திரிக்கை அனுப்பறதும் அதுல தான். இதை முதல்ல புரிஞ்சுக்கோணுங்க. அக்கவுண்ட மூடிப்போட்டான்னு வைங்க, பேச்சு சுதந்திரம் அப்பறம், டீ குடிக்க காசு குடுக்க முடியாதுங்க. அதனால ஒருத்தன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிக்கறான்.

ஆனா பேசாம இல்லீங்க. நாட்டோட பெரிய தலைவர் பேரை ஆரும் எடுக்க மாட்டாங்க, அது கண்டிப்பு. அதை விட்டுட்டு ஸ்கூல் சீட்டு, ஆஸ்பத்திரி பில்லு, ஊருக்காரனுக்கு ஒரு சட்டம் வந்தேறிக்கு ஒரு சட்டம், வீட்டு வெலை, இதைப் பத்திப் பொலம்பாத ஆளே கிடையாது. அதுவும் 2022ல பாருங்க. ஹெனான்ல சின்னச் சின்ன கிராமப்புற பேங்க்ல போட்ட காசை ஏப்ரல்லருந்து எடுக்க முடியலைங்க. ஜனம் வீசாட் குரூப்ல பேசி வெச்சு மாகாணத் தலைநகர் ஜெங்சோக்கு கெளம்பி வந்தா, ஸ்டேசன்ல எறங்கினதும் அவீங்க போன்ல இருக்கற கொரோனா ஹெல்த் கோடு செவப்பா மாறிப்போச்சுங்க. சளி இல்ல காய்ச்சல் இல்ல, செவப்பு. செவப்புன்னா எங்கயும் போக முடியாது, அப்படியே குவாரண்டைன். 1317 பேருக்கு அப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பின்னாடி அதிகாரிகளே ஒத்துக்கிட்டாங்க, அஞ்சு பேர் மேல நடவடிக்கை. எப்படி வெளிய வந்துச்சு? பாதிக்கப்பட்டவங்க ஸ்க்ரீன்ஷாட் போட்டாங்க, அது பரவுச்சு, அழிக்க அழிக்க வேற ஆள் போட்டான், பேப்பர்காரங்களே எழுத வேண்டியதாப் போச்சு. எங்க சப்ளையர் ஒருத்தர் எதுக்கும் அசைய மாட்டார், அவரே அன்னிக்கு அந்தப் படத்தை மொமெண்ட்ஸ்ல (வீசாட் ஸ்டேட்டஸ் மாதிரிங்க) போட்டிருந்தாருங்க. அடுத்த நாள் காணோம். அவரே எடுத்தாரா ஆப்பு எடுத்துச்சான்னு நான் கேக்கலைங்க, கேக்கவும் கூடாது.

அதே வருசம் வீடு வாங்கினவங்க கதை. கட்டி முடிக்காத அபார்ட்மெண்டுக்கு இனி லோன் கட்ட மாட்டோம்னு ஜிங்டெஜென் ஊர்ல எவர்கிராண்டுங்கற கட்டுமானக் கம்பெனியோட ஒரு ப்ராஜெக்ட் வாங்கினவங்க லெட்டர் போட்டாங்க. அதைப் பார்த்து இன்னொரு ஊரு, இன்னொரு ஊருன்னு போயி 300 ப்ராஜெக்டுக்கு மேல ஆயிப்போச்சு. லிஸ்ட எங்க வெச்சாங்க தெரியுமுங்களா, கிட்ஹப்ல! சாஃப்ட்வேர்காரங்க கோடு வெக்கற எடத்துல. அதை மூடினா நாட்டுல இருக்கற ஐடி கம்பெனி பூராம் நின்னு போகுமுங்க, அதனால மூட மாட்டாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க.

தேனி_தினேஷ்:

அண்ணே செம தகவல். 996ன்னு வேலை நேரத்தை எதிர்த்த மேட்டர் கூட கிட்ஹப்ல தானே? காலை 9 டு ராத்திரி 9, வாரம் 6 நாள்.

திருப்பூர்_நூல்:

ஆமாங்க, 2019ல. அந்த வழி அங்கருந்து தான் கத்துக்கிட்டாங்க.

சிங்கை_மலர்:

நான் மூணாவது மொழியா மாண்டரின் எடுத்தவ, இப்போ வேலையும் பெய்ஜிங் டீமோட தான், அதனால நேரடியா படிக்கற ஆளா சொல்றேன். நாகராஜ் சார், சோர்ஸ் மேற்கத்திய மீடியான்னு சொல்றீங்களே, நான் கீழ சொல்றது எல்லாம் சீனாக்காரங்க சீன மொழில சீனா ஆப்ல எழுதினது. எழுதினதை அங்க அழிச்சுட்டா மிச்சம் வெளிநாட்டுல தானே இருக்கும், அப்புறம் சோர்ஸ் ஏன் வெளிநாடுன்னு கேட்டா என்ன செய்ய.

சங்கேத வார்த்தை பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நண்டு, ஒட்டகம், கரடி பொம்மைன்னு, அதெல்லாம் இப்போ ரொம்பப் பழசு, பாதி வார்த்தையே பிளாக் ஆகிடுச்சு. எனக்கு அதை விட சுவாரசியம், ஒரு வார்த்தை கூட தப்பா சொல்லாமலே சொல்றது. உதாரணம் 2024 பிப்ரவரி. ஷேர் மார்க்கெட் அஞ்சு வருஷத்துல இல்லாத அளவு விழுந்து கிடக்கு. நியூஸ் பதிவு பலதுல கமெண்ட் போட முடியல. அப்போ அமெரிக்கத் தூதரகம் வெய்போ அக்கவுண்ட்ல நமீபியாவுல ஒட்டகச்சிவிங்கிகளை ஜிபிஎஸ் வச்சுப் பாதுகாக்கறாங்கன்னு ஒரு சாதாரண பதிவு. அதுக்குக் கீழ போய் லட்சக்கணக்குல ஜனங்க கொட்டிட்டாங்க! என் காசு போச்சு, வேலை போச்சு, ஷாங்காய் எக்ஸ்சேஞ்சை குண்டு போட ரெண்டு ராக்கெட் குடுங்கன்னு கூட. அதே நாள்ல கட்சிப் பத்திரிகைல நாடு முழுக்க நம்பிக்கை பொங்கி வழியுதுன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, உடனே இங்க ஒருத்தர் 'ஒட்டகச்சிவிங்கி சமூகம் முழுக்க நம்பிக்கை பொங்கி வழிகிறது'ன்னு எழுத அதுக்கு லைக்கா குவிஞ்சுது. இதை எந்த ஃபில்டர் பிடிக்கும் சொல்லுங்க, ஒட்டகச்சிவிங்கியை பிளாக் பண்ண முடியுமா லா.

அதுக்கு முந்தின வருஷம் ஜூன்ல நான்சாங்ல ஒரு காலேஜ் மாணவருக்கு கேண்டீன் சாப்பாட்டுல பல்லோட மீசையோட ஒரு தலை கிடைச்சுது. வீடியோ போட்டார். காலேஜும் உள்ளூர் உணவு அதிகாரிகளும் இது வாத்துக் கழுத்துன்னு அறிக்கை விட்டாங்க. வாத்துக்குப் பல்லு! அப்புறம் என்ன, விலங்கியல் பாடம், மண்டையோட்டு படம், பாட்டு, கார்ட்டூன், ரெண்டு வாரம் வேற பேச்சே இல்ல. சின் வம்சத்து மந்திரி ஒருத்தன் அரசவைல மானைக் கொண்டு வந்து இது குதிரைன்னு சொல்லி, யாரெல்லாம் தலையாட்டறாங்கன்னு பார்த்த கதை அங்க சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும், அதை அப்படியே எலி வாத்துன்னு மாத்திட்டாங்க. ஒரே சொல்லாடல்ல மொத்த அதிகார வர்க்கத்தையும் திட்டியாச்சு, ஆனா மேலோட்டமா பார்த்தா கேண்டீன் பிரச்சனை. கடைசில மாகாண அரசு குழு போட்டு ஆமா எலி தான்னு ஜூன் 17ல சொல்லிட்டாங்க.

இங்க ஒண்ணு கவனிச்சீங்களா, உள்ளூர் அதிகாரியைத் திட்டினா மேல இருக்கறவங்க பல நேரம் விட்டுடுவாங்க, சில நேரம் அவங்களுக்கே அது தேவை, கீழ என்ன நடக்குதுன்னு தெரியணும்ல. அதனால விவரமான பிளாகர் எப்பவும் பிரச்சனையை ஒரு ஊரு, ஒரு ஆபீஸ், ஒரு ஆள்னு நிறுத்திடுவார். சிஸ்டமே இப்படித்தான்னு அடுத்த வரி எழுதினா தான் கத்தி.

ஆனா அந்த எல்லை எப்பவும் வேலை செய்யாது. 2022 ஜனவரி கடைசில ஷுஜோ பக்கம் ஃபெங் கவுண்டில கழுத்துல சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்த பொண்ணு, எட்டு பிள்ளைங்களோட அம்மா, அந்த வீடியோ வந்தப்போ பெய்ஜிங்ல குளிர்கால ஒலிம்பிக்ஸ் ஆரம்பிக்கற நேரம். எடுத்த ஆள் அந்தப் பிள்ளைங்களோட அப்பாவைப் பாராட்டற மாதிரி வீடியோ எடுக்கப் போனவர். பார்த்தவங்க கண்ணு சங்கிலில நின்னுடுச்சு. உள்ளூர் அரசு அறிக்கை விட்டுச்சு, அடுத்த அறிக்கை முதல் அறிக்கைக்கு முரண், அதுக்கடுத்தது ரெண்டுக்கும் முரண். வீசாட்ல பெண்கள் எழுதின கட்டுரைகள் இருக்கே, நான் படிச்சுட்டு ஆஃபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன். 'அவங்க நான் தான், நான் போன வண்டி வேற ஸ்டேஷன்ல நின்னதால தப்பிச்சேன்'ங்கற தொனில. ஒலிம்பிக்ஸ் செய்திய விட இது அதிகம் ஓடுச்சு. நேர்ல பார்க்கப் போன ரெண்டு பெண்களைப் பிடிச்சு வச்சாங்க. மாகாண அரசே இறங்கி விசாரிச்சு 17 அதிகாரிகள் மேல நடவடிக்கை, 2023 ஏப்ரல்ல புருஷனுக்கு 9 வருஷம், கடத்தி வித்தவங்களுக்கு 8லருந்து 13 வருஷம். ஆனா அந்தப் பெண் இப்போ எப்படி இருக்காங்கன்னு கேட்டு எழுதினா பதிவு நிக்காது.

கோட்_கார்த்தி:

யார் அழிக்கறாங்கன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல. நான் சென்னைல கன்டென்ட் மாடரேஷன், அதாவது பதிவுகளைப் பார்த்து விதி மீறினதை நீக்கற வேலைல இருக்கேன் (கம்பெனி பேர் வேணாம்), அதனால இந்தப் பக்கம் ஆர்வம் ஜாஸ்தி. அரசு ஆபீஸ்ல உக்காந்து ஒருத்தன் பட்டன் அமுக்கறான்னு நினைக்காதீங்க. அங்க சட்டப்படி பொறுப்பு கம்பெனி தலைல. சைபர்ஸ்பேஸ் நிர்வாகம்னு ஒரு மத்திய அமைப்பு இருக்கு, அவங்க இன்னது ஆகாதுன்னு உத்தரவு, அபராதம், லைசன்ஸ் பிடுங்கறதுன்னு மிரட்டல் எல்லாம் கையில வச்சிருக்காங்க. கம்பெனி தன் காசுல ஆயிரக்கணக்குல ஆள் வச்சு, மெஷின் வச்சு அழிக்கணும். டொராண்டோ ஆராய்ச்சிக்காரங்க ஆப்களைப் பிரிச்சுப் பார்த்தா தடை வார்த்தை லிஸ்ட் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேறயா இருந்துச்சு. ஏன்னா எல்லைக் கோடு எங்கன்னு யாரும் சொல்றதில்ல, அவனவன் பயத்துக்கு ஏத்த மாதிரி இழுத்துக்கறான். நான் இருக்கற தொழில்ல பாலிசின்னு ஒரு டாக்குமெண்ட் இருக்கும், திட்டினாலும் படிச்சுத் திட்டலாம்.

ஹார்வர்ட்ல கேரி கிங் குழு 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அழிஞ்ச பதிவையும் அழியாததையும் ஒப்பிட்டுப் பார்த்தா, அரசைத் திட்டறதை விட ஜனங்களை ஒரு இடத்துல கூட வைக்கற வாய்ப்பு உள்ள பதிவு தான் அதிகம் காணாம போச்சு, அது அரசை ஆதரிச்சு இருந்தாலும் சரி. நூல் அண்ணன் சொன்ன பேங்க் கதைல ஏன் சிவப்பு கோடு வரைக்கும் போனாங்கன்னு இப்போ புரியுதா, ஊர் ஊரா ஆள் கிளம்பி வந்துட்டாங்கல்ல. ஆனா அந்த டேட்டா பழைய காலம், இப்போ மேல இருக்கறவரைத் திட்டினாலும் நிக்காது. அதே குழு 2017ல இன்னொண்ணு சொன்னாங்க, அரசு தரப்புல காசு வாங்கிட்டு கமெண்ட் போடறவங்கன்னு நாம நினைக்கற ஆளுங்க வருஷத்துக்கு சுமார் 44.8 கோடி பதிவு போடறாங்க, அதுல எதிராளியோட வாதம் பண்றதே கிடையாது, தேசபக்தி, நல்ல செய்தி, தியாகிகள் தினம்னு போட்டு பேச்சை வேற பக்கம் திருப்பறது தான். பெரும்பாலும் அரசு ஊழியர்களே தான், ஆபீஸ் வேலையோட வேலையா.

இதைத் தாண்டி வர்றதுக்கு ஜனங்க பண்றது டெக்னிக்கலா அழகு. 2020 மார்ச்ல வூஹான் டாக்டர் ஆய் ஃபென் கொரோனா பத்தி குடுத்த பேட்டி ஒரு பத்திரிகைல வந்து சில மணி நேரத்துல அழிஞ்சுது. ஜனங்க அதையே தலைகீழா எழுதி, எமோஜில எழுதி, மோர்ஸ் கோடுல, எலும்புல செதுக்கின பழங்கால லிபில எல்லாம் மாத்தி போட்டாங்க. யாரு உக்காந்து மோர்ஸ் படிப்பா? படிக்கறதுக்கு இல்ல அது, நீ அழிச்சா நான் போடுவேன்னு காட்டறதுக்கு. 2022 ஏப்ரல்ல ஷாங்காய் லாக்டவுன்ல ஜனங்க கதறின ஆடியோவைத் தொகுத்து ஒரு வீடியோ வந்துச்சே, அதையும் கண்ணாடி பிம்பமா திருப்பி, கார்ட்டூனுக்குள்ள சொருகி, ராத்திரி பூரா போட்டாங்க.

பழைய_பிளாகர்:

ஆய் ஃபென்னைச் சொல்லிட்டு லி வென்லியாங்கை விட முடியாது. வூஹான் கண் டாக்டர், 2019 டிசம்பர் 30 வீசாட் குரூப்ல கூடப் படிச்ச டாக்டர்களுக்கு மட்டும் அந்தப் புது நோய் பத்தி எச்சரிக்கை சொன்னவர். வதந்தின்னு போலீஸ் கூப்பிட்டு எழுதி வாங்கிச்சு. 2020 பிப்ரவரி 7 விடிகாலைல செத்தார். அந்த எழுதி வாங்கின தாள்ல 'நிறுத்திக்க முடியுமா', 'புரிஞ்சுதா'ன்னு ரெண்டு கேள்வி, கீழ அவர் 'முடியும்', 'புரிஞ்சுது'ன்னு கைரேகை வச்சிருப்பார். செத்த அன்னிக்கு வெய்போ முழுக்க 'முடியாது, புரியல'. அவரோட கடைசிப் பதிவு இன்னும் இருக்கு, அதுக்குக் கீழ பத்து லட்சத்துக்கு மேல கமெண்ட், டாக்டர் இன்னிக்கு எனக்கு வேலை கிடைச்சுது, டாக்டர் இங்க மழைன்னு அவர் கிட்டயே பேசறாங்க. இதுல அரசியல் இருக்கா இல்லையா? அழிக்கறவனுக்கே தெரியாது, அதனால தான் விட்டு வச்சிருக்கான்னு நினைக்கறேன்.

2022 நவம்பர்ல உரும்ச்சில லாக்டவுன்ல இருந்த கட்டடம் எரிஞ்சு பத்து பேர் செத்ததும் ஜனங்க வெத்துப் பேப்பரைத் தூக்கிட்டு தெருவுக்கு வந்தாங்க, நெட்லயும் வெறும் வெள்ளைக் கட்டம், இல்லைன்னா 'நல்லது நல்லது நல்லது'ன்னு பக்கம் பக்கமா. ரெண்டே வாரத்துல கட்டுப்பாட்டைத் தளர்த்தினாங்க. பொருளாதாரமும் காரணம் தான், ஆனா நேரம் ஒண்ணா வந்துச்சு.

நியூட்ரல்_நாகராஜ்:

சரி மலர் அவங்க சொன்னதுல எலி மேட்டர் ஒத்துக்கறேன். ஆனா அங்க தேசபக்தி பேசற பிளாகர்ஸும் கோடிக்கணக்குல இருக்காங்களே, அவங்களையும் காசு வாங்கற கூட்டம்னு சொல்லிடுவீங்களா?

சிங்கை_மலர்:

இல்ல சார், அவங்கள்ல நிறைய பேர் நிஜமாவே நம்பித்தான் எழுதறாங்க, நல்லா எழுதறவங்களும் உண்டு. கூட, தேசபக்தி நல்லா விக்கும். 2024ல மினரல் வாட்டர் கம்பெனி நோங்ஃபு ஸ்பிரிங் முதலாளி மேல பாய்ஞ்சாங்களே, பாட்டில் மூடி சிவப்பா இருக்கு அது ஜப்பான் கொடின்னு! போட்டிக் கம்பெனி முதலாளி இறந்து போன சமயம், அவர் நல்லவர் இவர் துரோகின்னு ஆரம்பிச்சது அங்க போய் நின்னுச்சு. வியூஸ் வந்தா காசு, அவ்ளோதான்.

ஆனா அவங்களுக்கும் பாதுகாப்பு கிடையாது, அதைத்தான் கவனிக்கணும். ஹு ஷிஜின், குளோபல் டைம்ஸ்ங்கற கட்சி சார்புப் பத்திரிகையோட முன்னாள் ஆசிரியர், வெய்போல ரெண்டரைக் கோடி ஃபாலோயர் கிட்ட, அரசுக்கு அவரை விட ஆதரவா எழுத ஆள் உண்டா. 2024 ஜூலைல கட்சித் தீர்மானத்துல பொதுத்துறை தான் முதன்மைங்கற வரி இல்லையே, இது நல்ல மாற்றம்னு பாராட்டி எழுதினார். பாராட்டு தான்! மூணு மாசம் அக்கவுண்ட் மூச்சு விடல, அக்டோபர் கடைசில தான் திரும்பி வந்தார். கட்சி என்ன நினைக்குதுன்னு கட்சி சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லக்கூடாது. சீமா நான்னு அமெரிக்காவைத் திட்டியே பெரிய ஆளானவர், அவருக்கே கலிஃபோர்னியாவுல வீடு இருந்தது தெரிஞ்சு மானம் போச்சு, 2025 மார்ச்ல வரி ஏய்ப்புக்கு 90 லட்சம் யுவானுக்கு மேல கட்டச் சொல்லி உத்தரவு வேற.

பழைய_பிளாகர்:

நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டதும் ஒண்ணு இருக்கு. 2020 ஜூன்ல கல்வான்ல நம்ம தரப்புல 20 பேர், அதுல ராமநாதபுரத்துக்காரர் ஹவில்தார் பழனியும் ஒருத்தர். நாம பேரு படம் எல்லாம் சீக்கிரமே வெளியிட்டுட்டோம். சீனா எட்டு மாசம் வாயே திறக்கல, 2021 பிப்ரவரில தான் நாலு பேர் செத்தாங்கன்னு சொன்னாங்க. 25 லட்சம் ஃபாலோயர் வச்சிருந்த ஒரு முன்னாள் நிருபர், நாலு தானா, உதவிக்குப் போனவங்களே செத்திருந்தா எண்ணிக்கை கூட இருக்கணுமேன்னு வெய்போல கேட்டார். அடுத்த நாளே தூக்கினாங்க, எட்டு மாசம் ஜெயில். தியாகிகளை அவதூறு பண்ணா குற்றம்னு தண்டனைச் சட்டத்துல சேர்த்தது மார்ச் 1லருந்து தான் அமலுக்கு வந்துச்சு, அவர் எழுதினது பிப்ரவரில! லுவோ சாங்பிங்கை உள்ள வச்சதும் இதே பிரிவு தான்.

தேனி_தினேஷ்:

யப்பா. இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல. அப்போ நான் பார்த்த ரெட்நோட்லயும் வேலை போன கதை, வாடகை கதைன்னு இருந்துச்சே, அதுவும் ஒரு வகைல இதே தானா? கடைசியா ஒண்ணு, இப்போ பேரை மறைச்சு எழுத முடியுமா? அழிஞ்சதை எங்க போய் படிக்கறது?

சிங்கை_மலர்:

ஆமா தினேஷ், 35 வயசானா வேலைக்கு எடுக்க மாட்டேங்கறான்னு ஒருத்தர் எழுதி அதுக்குக் கீழ ஆயிரம் பேர் நானும்னு போட்டா அது வேற என்ன. மந்திரி பேர் தேடினதால உங்களுக்குக் கண்ல படல.

பேரை மறைக்கறது கஷ்டம். போன் நம்பர் இல்லாம அக்கவுண்ட் கிடையாது, போன் நம்பர் ஐடி இல்லாம கிடையாது. 2022 ஏப்ரல்லருந்து எந்த மாகாணத்துலருந்து எழுதறீங்கன்னு பேருக்குக் கீழயே காட்டும், 2023 கடைசில அரசியல், ராணுவம், பொருளாதாரம் பேசற அஞ்சு லட்சத்துக்கு மேல ஃபாலோயர் உள்ளவங்க நிஜப் பேரை வெளில காட்டணும்னு கொண்டு வந்தாங்க. சில பேர் ஃபாலோயரை அவங்களே நீக்கிக் குறைச்சாங்க, கேட்டா சிரிப்பா வரும். அக்கவுண்ட் போனா வேற பேர்ல திரும்ப வருவாங்க, அதை மறுபிறவின்னு தான் சொல்லுவாங்க, ஒரே ஆளுக்கு ஏகப்பட்ட பிறவி இருக்கும், பழைய வாசகர்கள் எழுத்து நடையை வச்சே கண்டுபிடிச்சு பின்னாடி வந்துடுவாங்க.

பழைய_பிளாகர்:

அழிஞ்சதைப் படிக்க கலிஃபோர்னியாவுலருந்து நடக்கற சைனா டிஜிட்டல் டைம்ஸ் இருக்கு, இங்கிலீஷ்லயும் வரும். அன்னன்னிக்கு வெய்போல என்ன ஓடுதுன்னு பார்க்க வாட்ஸ் ஆன் வெய்போ. நாட்டுக்குள்ளயே இருந்து இந்த மாதிரி சேமிச்ச ரெண்டு இளைஞர்களை 2020 ஏப்ரல்ல பிடிச்சு 15 மாசம் தண்டனை குடுத்தாங்க, கொரோனா சமயத்துல அழிஞ்ச கட்டுரைகளை கிட்ஹப்ல சேர்த்து வச்சதுக்கு.

திருப்பூர்_நூல்:

தினேசு, படிங்க, ஆனா படிச்ச லிங்க எடுத்து அங்க இருக்கற சீனாக்கார ஃப்ரெண்டுக்கு வீசாட்ல அனுப்பிப்போட்டு இது நெசமான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க. நம்மளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அவனுக்குத் தான் வம்பு. எனக்கு வேற அந்த சப்ளையர் கிட்ட ஒரு கண்டெய்னர் சரக்கு பாக்கி நிக்குதுங்க.